பூஜ்ஜியம் எங்கே இருக்கிறது?



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது சி மொழியின் நூலகத்தில் உள்ள ஒரே ஒரு ஃபங்ஷன். பெயர் ஸ்ட்ர்லென். ஒரு சரத்தைக் கொடுத்தால் அதில் எத்தனை பைட் இருக்கிறது என்று சொல்லும். வேறு எந்த வேலையும் அதற்குக் கிடையாது. நம் கல்லூரிகளில் சி மொழி தொடங்கிய சில வாரங்களிலேயே இதை எழுதச் சொல்கிறார்கள். மாணவர் மூன்று வரியில் ஒரு லூப் எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு, அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறார். ஆனால் நீங்கள் தினமும் பயன்படுத்தும் கணினிக்குள் இருக்கும் ஸ்ட்ர்லென் அந்த மூன்று வரி அல்ல. அதைத் திறந்து பார்த்தால் ப்ராசஸரின் உட்கட்டமைப்பு, நினைவகப் பக்கங்கள், ஐம்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு முடிவு, கடைசியாக நம் தமிழ் எழுத்து என எல்லாம் அதற்குள் இருக்கின்றன. அவற்றைத்தான் உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

சரம் எப்படி முடிகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். நம் ரயில்களில் கடைசிப் பெட்டியின் பின்புறம் பெரிய மஞ்சள் பெருக்கல் குறி போட்டிருக்கும். வண்டி கடந்து போகும்போது நிலையத்தில் நிற்பவர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். அந்தக் குறி வந்ததா என்று மட்டும் பார்ப்பார். குறி வந்துவிட்டால் வண்டி முழுதாகப் போயிற்று என்று பொருள். சி மொழியின் சரமும் அப்படித்தான் ஓடுகிறது. நீளம் எங்கும் எழுதப்பட்டிருக்காது. எழுத்துகள் வரிசையாக வரும், கடைசியில் பூஜ்ஜியம் என்ற மதிப்புள்ள ஒரு பைட் வரும். நீளம் வேண்டுமென்றால் முதல் பைட்டிலிருந்து அந்தப் பூஜ்ஜியம் வரை போய்த்தான் ஆக வேண்டும்.

ஏன் இப்படி வைத்தார்கள்? சி மொழியின் பாட்டி என்று சொல்லத்தக்க பி.சி.பி.எல். மொழியை மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967-ல் உருவாக்கினார். அதில் சரத்தின் முதல் பைட்டிலேயே நீளம் இருந்தது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் செய்த பி மொழி அதைக் கைவிட்டு, முடிவைக் காட்ட ஒரு சிறப்புக் குறியை வைத்தது. அங்கிருந்து வந்த சி மொழியில் டென்னிஸ் ரிச்சி அந்தக் குறியைப் பூஜ்ஜியமாக்கினார். பிற்காலத்தில் சி மொழி வளர்ந்த கதையை எழுதியபோது அவர் இதற்கு இரண்டு காரணம் சொன்னார். எட்டோ ஒன்பதோ பிட்டுக்குள் நீளத்தை அடைத்தால் சரம் அதற்கு மேல் வளர முடியாது. அதோடு, நீளத்தை எப்போதும் சரியாக வைத்துக்கொண்டிருப்பதை விட முடிவுக்குறி வைப்பதே அனுபவத்தில் வசதியாக இருந்தது.

அந்தக் காலத்து இயந்திரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1970-ல் பெல் ஆய்வகத்துக்கு வந்த பி.டி.பி-11 கணினியின் நினைவகம் 24 கிலோபைட். அதில் 16 கிலோபைட்டை யுனிக்ஸ் எடுத்துக்கொண்டது. பயனரின் நிரலுக்குக் கிடைத்தது 8 கிலோபைட். ஒவ்வொரு சரத்துக்கும் கூடுதலாக ஒரு பைட் செலவழிப்பதைக்கூட யோசித்துச் செய்த காலம் அது. இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு பைட்டைப் பார்த்து அது பூஜ்ஜியமா என்று சோதித்து, முகவரியையும் ஒன்று கூட்டிவிடும் வேலையை பி.டி.பி-11 ஒரே கட்டளையில் செய்தது. பூஜ்ஜியம் இல்லையென்றால் திரும்பிப் போ என்று இன்னொரு கட்டளை. இரண்டே கட்டளையில் லூப் முடிந்துவிடும். அந்த இயந்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான சரம் இருந்திருக்க முடியாது.

2011-ல் பவுல்-ஹென்னிங் காம்ப் என்ற டேனிஷ் நிரலாளர் ஒரு கட்டுரை எழுதினார். முகவரியோடு நீளத்தையும் வைக்காமல் பூஜ்ஜியத்தைத் தேர்ந்ததுதான் கணினித் துறையின் மிக விலையுயர்ந்த ஒரு பைட் பிழை என்று அதில் வாதிட்டார். அவர் சொல்லும் விலை உண்மை. ஆனால் 8 கிலோபைட்டில் வேலை பார்த்தவர்கள் மேல் அந்தப் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. இயந்திரம் பல்லாயிரம் மடங்கு வளர்ந்த பின்னும் அதே ஏற்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டது பின்னால் வந்த நாம்தான்.

இப்போது இன்றைய இயந்திரத்துக்கு வருவோம். பைட் பைட்டாகப் போகும் லூப்பில் என்ன குறை? இன்றைய 64 பிட் ப்ராசஸர் ஒரு பைட்டை நினைவகத்திலிருந்து எடுக்க ஆகும் அதே நேரத்தில் எட்டு பைட்டையும் எடுத்துவிடும். ஒரு பைட்டை மட்டும் கேட்டால் மிச்சம் ஏழு பைட்டுக்கான உழைப்பு வீண். சரி, எட்டையும் ஒரே ரெஜிஸ்டரில் ஏற்றிவிட்டோம். அதற்குள் ஏதாவது ஒரு பைட் பூஜ்ஜியமா என்று எட்டு முறை கேட்டால் மிச்சப்படுத்தியது மறுபடி போய்விடும். ஒரே கேள்வியில் எட்டுக்கும் விடை வேண்டும். இங்கேதான் நான் எத்தனை முறை படித்தாலும் வியக்கிற அந்தக் கணக்கு வருகிறது.

ஒவ்வொரு பைட்டிலும் 1 இருக்கும்படி ஓர் எட்டு பைட் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை, ஏற்றிய எண்ணிலிருந்து கழியுங்கள். பூஜ்ஜியமாக இருந்த பைட் அடுத்த பைட்டிடம் கடன் வாங்கி 255 ஆகிவிடும். அதாவது அதன் உச்சியில் உள்ள பிட் 1 ஆகிவிடும். ஆங்கில எழுத்துகளும் எண்களும் ஆஸ்கியில் 128-க்குக் கீழே இருப்பவை. அவற்றில் ஒன்றைக் கழித்தால் உச்சி பிட் பூஜ்ஜியமாகவே இருக்கும். ஆகவே கழித்து வந்த விடையில் உச்சி பிட்களை மட்டும் விட்டு மற்றதை அழித்துவிட்டுப் பாருங்கள். எல்லாமே பூஜ்ஜியமானால் அந்த எட்டு பைட்டுக்குள் சரம் முடியவில்லை. அடுத்த எட்டுக்குப் போகலாம். ஒரு கழித்தல், உச்சி பிட்களை மட்டும் விட்டுவைக்கும் ஓர் அண்டு (AND), ஒரு ஒப்பீடு. எட்டு பைட்டுக்கு அவ்வளவுதான் வேலை.

இது ஆஸ்கிக்குச் சரி. தமிழுக்கு? யுனிகோடில் உள்ள தமிழ் எழுத்து யு.டி.எஃப்-8 முறையில் மூன்று பைட் எடுக்கும். ம என்ற எழுத்து நினைவகத்தில் 224, 174, 174 என்று உட்கார்ந்திருக்கும். த என்றால் 224, 174, 164. எந்தத் தமிழ் எழுத்தை எடுத்தாலும் அதன் மூன்று பைட்களும் 128 அல்லது அதற்கு மேல்தான். 224-இல் ஒன்றைக் கழித்தால் 223. உச்சி பிட் 1 ஆகவே இருக்கும். அப்படியானால் நான் இப்போது சொன்ன குறுக்குவழி தமிழ் உரையின் ஒவ்வொரு எட்டு பைட்டிலும் "பூஜ்ஜியம் இருக்கலாம்" என்று கூவும். சில பழைய நூலகங்களில் இந்தக் குறுகிய சோதனைதான் இருந்தது. அவை தவறான விடை தந்ததில்லை. சந்தேகம் வந்ததும் எட்டு பைட்டையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, ஏதும் இல்லை என்று கண்டு மேலே போகும். ஆங்கிலத்துக்கு வேகமாகவும் தமிழுக்கும் இந்திக்கும் அரபிக்கும் மெதுவாகவும் ஓடியது என்பதுதான் அதன் விளைவு. யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. உரை என்றால் ஆஸ்கி என்று நினைத்துக் கணக்குப் போட்டதால் வந்தது.

அதற்கான மருந்து ஒரே ஒரு செயல். கழிப்பதற்கு முன் இருந்த எண்ணை எடுத்து அதன் பிட்களைத் தலைகீழாக்கி, அதையும் அண்டில் சேர்த்துவிட வேண்டும். அப்போது, கழிப்பதற்கு முன்பே உச்சி பிட் 1 ஆக இருந்த பைட்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடும். முன்பு 0 ஆக இருந்து, கழித்த பின் 1 ஆன உச்சி பிட் மட்டும் மிஞ்சும். எட்டு பைட்டுக்குள் பூஜ்ஜியம் உண்டா இல்லையா என்பதற்கு இந்த வடிவம் ஒருபோதும் பொய் சொல்லாது. 1987-ல் ஆலன் மைக்ராஃப்ட் பொதுவில் எழுதிய வடிவம் இதுதான். அதற்கும் முன்பே, ஒரு கணினிச் சொல்லுக்கான (வேர்ட்) கட்டளையை வைத்துப் பல பைட்களை ஒன்றாகக் கையாளும் முறை பற்றி லெஸ்லி லாம்போர்ட் 1975-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார். ஹென்றி வாரன் 2002-ல் வெளியிட்ட பிட் கணக்குகள் பற்றிய நூல் இதைப் பலரிடம் கொண்டுசேர்த்தது. குனு சி நூலகத்தின் பழைய ஸ்ட்ர்லென்னை இதே எண்ணத்தில் எழுதியவர் டோர்பியோர்ன் கிரான்லுண்ட்.

கடன் வாங்குவதில் ஒரு நுட்பம் மிச்சமிருக்கிறது. பூஜ்ஜியம் கடன் வாங்கும்போது அதற்கு மேலுள்ள பைட்டில் கூடுதலாக ஒன்று குறைகிறது. அந்த மேல் பைட் 1 ஆக இருந்தால் அதுவும் 255 ஆகி, தானும் பூஜ்ஜியம்தான் என்று காட்டிக்கொள்ளும். இன்டெல், ஆர்ம் போன்றவற்றில் மேல் பைட் என்பது சரத்தில் பின்னால் வரும் பைட். முதல் பூஜ்ஜியத்துக்குப் பின்னால் என்ன பொய் நடந்தாலும் நமக்குக் கவலையில்லை. பைட் வரிசை தலைகீழாக உள்ள இயந்திரத்தில் அந்தப் பொய்யான பைட் உண்மையான பூஜ்ஜியத்துக்கு முன்னால் வந்துவிடும். அங்கே இடத்தைக் குறிக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

இந்த இடத்தில் கூர்மையான மாணவர் ஒருவர் கையை உயர்த்துவார். சரம் மூன்று பைட்டில் முடிந்துவிட்டால், எட்டு பைட் படிப்பது சரத்துக்கு வெளியே உள்ள நினைவகத்தைத் தொடுவதாகாதா? ஆகும். அந்த இடம் நம் நிரலுக்குச் சொந்தமில்லாததாக இருந்தால் நிரல் அங்கேயே விழுந்துவிடாதா? இதற்கான விடை நினைவகப் பக்கத்தில் இருக்கிறது. இயங்குதளம் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகத்தான் அனுமதிக்கும். வழக்கமான பக்கத்தின் அளவு 4096 பைட். எட்டால் மீதியின்றி வகுபடும் முகவரியில் தொடங்கும் எட்டு பைட் ஒருபோதும் இரண்டு பக்கத்தில் கால் வைக்காது. அதில் ஒரு பைட்டைப் படிக்க அனுமதி இருந்தால் எட்டுக்கும் அனுமதி உண்டு. எனவே ஸ்ட்ர்லென் முதலில், எட்டால் வகுபடும் முகவரி வரும்வரை பைட் பைட்டாக நடக்கும். அதன்பின் எட்டு எட்டாகத் தாவும். சி மொழியின் தர விதிகள் இந்த அத்துமீறிய வாசிப்பை ஏற்பதில்லை. வன்பொருள் ஏற்கிறது. இதனால்தான் இந்தச் செயலை நூலக ஆசிரியர்கள் பெரும்பாலும் அசெம்ப்ளியில் எழுதுகிறார்கள். வால்கிரிண்ட் போன்ற நினைவகச் சோதனைக் கருவியும் தன் சொந்த ஸ்ட்ர்லென்னைக் கொண்டுவந்து மாற்றி வைத்துக்கொள்கிறது. உங்கள் நிரலில் இந்த வித்தையை நீங்களே எழுத வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். கம்பைலர் விதிகளை நம்பித்தான் வேலை செய்யும்.

வன்பொருள் செய்பவர்களும் இந்தப் பூஜ்ஜியத்தைத் துரத்தியிருக்கிறார்கள். 1978-ல் வந்த இன்டெல் 8086-இலேயே ஒரு பைட்டைத் தேடிக்கொண்டு ஓடும் கட்டளை இருந்தது. அசெம்ப்ளி பழகியவர்கள் அதை ஆசையாக எழுதுவார்கள்; ஒரே வரியில் முடிந்துவிடும். ஆனால் வரி குறைந்தால் நேரம் குறையும் என்று இல்லை. பின்னால் வந்த ப்ராசஸர்களில் நகலெடுக்கும் கட்டளைகளுக்குக் கிடைத்த கவனிப்பு இதற்குப் பல தலைமுறை கிடைக்கவில்லை. பைட் பைட்டாகவே அது நடந்தது. 2008-ல் பூஜ்ஜியத்தில் முடியும் சரத்துக்கென்றே இன்டெல் ஒரு பெரிய கட்டளையைச் சேர்த்தது. நீளம் காண்பதற்கு அதுவும் பழைய எளிய வழியை வெல்லவில்லை.

அந்த எளிய வழி 2000-ல் பென்டியம் 4-உடன் வந்த எஸ்.எஸ்.இ.2. பதினாறு பைட்டை ஒரே ரெஜிஸ்டரில் ஏற்றலாம். பதினாறையும் ஒரே கட்டளையில் பூஜ்ஜியத்தோடு ஒப்பிடலாம். எந்தெந்த இடத்தில் பொருந்தியது என்பதை இன்னொரு கட்டளை பதினாறு பிட்டாகச் சுருக்கித் தரும். அதில் முதல் 1 எங்கே இருக்கிறது என்று மூன்றாவது கட்டளை சொல்லும். மதுரை என்று எழுதிப் பாருங்கள். ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து யுனிகோடு இடங்கள், பதினைந்து பைட். முடிவிலுள்ள பூஜ்ஜியத்தைச் சேர்த்தால் சரியாகப் பதினாறு. முழு ஊர்ப்பெயரையும் லூப்பே இல்லாமல் ஒரே மூச்சில் அளந்துவிடலாம்.

2013-ல் வந்த ஏ.வி.எக்ஸ்.2 இதை 32 பைட்டாக்கியது. நீளமான சரத்துக்கு இன்னொரு அழகான உத்தி உண்டு. நான்கு ரெஜிஸ்டர்களை ஏற்றி, பைட்டுக்கு பைட் அவற்றில் எது சிறியது என்று எடுத்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு ரெஜிஸ்டர் மிஞ்சும். நான்கில் எங்கே பூஜ்ஜியம் இருந்தாலும் மிஞ்சியதிலும் பூஜ்ஜியம் இருக்கும், ஏனென்றால் அதைவிடச் சிறிய பைட் கிடையாது. ஒரு சுற்றுக்கு 128 பைட், ஒரே ஒரு சோதனை. லினக்ஸில் குனு நூலகம் உங்கள் ப்ராசஸர் எது என்று நிரல் ஏறும்போதே பார்த்து, இப்படிப்பட்ட பல வடிவங்களில் பொருத்தமானதை இணைத்துவிடுகிறது.

ஆனால் நாம் அளக்கும் சரங்களில் பெரும்பாலானவை கோப்பின் பெயர், பயனர் பெயர், ஒரு சொல், ஒரு முகவரி வரி. இவை குட்டையானவை. ஒரு மெகாபைட் சரத்தை எவ்வளவு வேகமாக அளக்கிறது என்று பெருமை பேசுவதை விட, பத்து பைட் சரத்துக்குத் தொடக்கச் செலவு எவ்வளவு என்று கேட்பதே சரி. நல்ல நூலகங்கள் இதில்தான் பாடுபடுகின்றன. முகவரி பக்கத்தின் ஓரத்தில் இல்லையென்றால் முகவரியைச் சரிசெய்யும் சடங்கே இல்லாமல் முதல் 32 பைட்டை நேரே ஏற்றிவிடுவார்கள். ஓரத்தில் இருந்தால் மட்டும் சுற்றுவழி.

அண்மைக் கால ப்ராசஸர் வடிவமைப்பாளர்கள் இந்தச் சிக்கலை நேராகவே எடுத்துக்கொண்டார்கள். ரிஸ்க்-ஃபைவ் வெக்டர் நீட்டிப்பிலும் ஆர்மின் எஸ்.வி.இ.யிலும் ஒரு தனி வகை ஏற்றக் கட்டளை இருக்கிறது. அனுமதியுள்ள இடம்வரை ஏற்றும். அனுமதியில்லாத பக்கத்தை முட்டினால் நிரலை வீழ்த்தாமல், இதுவரை இவ்வளவு கிடைத்தது என்று சொல்லி நின்றுவிடும். எங்கே முடியும் என்று தெரியாத தரவைப் படிப்பதற்காகவே செய்யப்பட்டது அது. பெல் ஆய்வகத்தில் எடுத்த ஒரு முடிவுக்காக இன்றும் சிலிக்கானில் இடம் ஒதுக்குகிறார்கள்.

இவ்வளவு வேகம் இருந்தும் ஸ்ட்ர்லென்னால் ஒரு நிரல் மூச்சுத் திணறலாம். 2021-ல் கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ ஆன்லைன் விளையாட்டு திறப்பதற்குத் தன் கணினியில் ஆறு நிமிடம் ஆவதைப் பொறுக்காத ஒரு பயனர் காரணத்தைத் தோண்டினார். திறக்கும்போது அந்த விளையாட்டு 10 மெகாபைட் அளவுள்ள ஒரு பொருள் பட்டியலைப் படித்தது. அதில் ஏறக்குறைய 63,000 பதிவுகள். ஒவ்வொரு துண்டையும் பிரிக்கச் சி நூலகத்தின் எஸ்ஸ்கேன்எஃப் என்ற ஃபங்ஷன் அழைக்கப்பட்டது. அந்த எஸ்ஸ்கேன்எஃப் உள்ளுக்குள் ஒவ்வொரு முறையும் மிச்சமுள்ள முழுப் பட்டியலுக்கும் ஸ்ட்ர்லென் போட்டது. பதிவுக்கு ஒரு முறை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக 50 லட்சம் பைட், 63,000 தடவை. மொத்தம் 31,500 கோடி பைட். ஒரு தாவலுக்கு 32 பைட் என்று கணக்குப் போட்டாலும் ஏறக்குறைய ஆயிரம் கோடித் தாவல் வரும். அதில் இன்னொரு குறையும் இருந்தது: ஒவ்வொரு பொருளும் முன்பே வந்ததா என்று முழுப் பட்டியலையும் தேடிக்கொண்டிருந்தது. இரண்டையும் சரிசெய்ததும் ஆறு நிமிடம் இரண்டு நிமிடத்துக்குள் வந்தது. விளையாட்டைத் தயாரித்த ராக்ஸ்டார் நிறுவனம் அதை ஏற்றுத் திருத்தம் வெளியிட்டது, அவருக்கு 10,000 டாலர் பரிசும் கொடுத்தது.

நம் வகுப்புகளில் எழுதப்படும் நிரல்களில் இதன் சிறிய வடிவத்தை நிறையப் பார்க்கலாம். லூப்பின் நிபந்தனையிலேயே ஸ்ட்ர்லென் எழுதுவது. லூப்புக்குள் அந்தச் சரத்தை மாற்றினால் கம்பைலரால் அதை வெளியே எடுக்க முடியாது. சரம் பத்து மடங்கு நீண்டால் வேலை நூறு மடங்காகும். ஒரு சரத்தின் வாலில் இன்னொன்றைத் திரும்பத் திரும்ப ஒட்டுவதும் இதே கதைதான். ஒட்டும் ஒவ்வொரு முறையும் வால் எங்கே என்று முதலிலிருந்து தேட வேண்டும்.

ஆகவே சரத்தின் நீளத்தைக் காண மிகத் திறமையான வழி எது என்று கேட்டால் என் விடை இது: ஒருமுறை தெரிந்ததைத் தொலைக்காமல் வைத்துக்கொள்வது. கோப்பிலிருந்து படித்தபோது எத்தனை பைட் வந்தது என்று இயங்குதளம் சொல்லிற்று. வலையிலிருந்து வந்தபோதும் சொல்லிற்று. அதை நாமே வீசிவிட்டு, அடுத்த வரியில் ஸ்ட்ர்லென்னைக் கூப்பிடுகிறோம். சி++, கோ, ரஸ்ட் ஆகியவை நீளத்தைச் சரத்தோடேயே வைத்திருக்கின்றன. சி மொழியிலேயே எழுதப்பட்ட ரெடிஸ் தரவுத்தளம், சரத்துக்கு முன்னால் நீளத்தையும் பின்னால் பூஜ்ஜியத்தையும் வைத்து இரண்டு உலகத்தோடும் ஒத்துப்போகிறது. லினக்ஸ் கர்னல் கோப்புப் பெயரோடு அதன் நீளத்தையும் சேர்த்தே எடுத்துச் செல்கிறது. இது வேகத்துக்கு மட்டும் அல்ல, பாதுகாப்புக்கும்தான். 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய மோரிஸ் புழு நுழைந்த வழிகளில் ஒன்று, 512 பைட் இடத்துக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்காமலே வாங்கிப் போட்ட கெட்ஸ் என்ற சி நூலக ஃபங்ஷன். அந்த ஃபங்ஷனைச் சி மொழியின் தரத்திலிருந்து நீக்க 2011 வரை ஆயிற்று.

தமிழில் மென்பொருள் செய்கிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 1992-ல் கென் தாம்சனும் ராப் பைக்கும் யு.டி.எஃப்-8-ஐ வடிவமைத்தபோது, எந்த எழுத்தின் நடுவிலும் பூஜ்ஜிய பைட் வராதபடி செய்தார்கள். அதனால்தான் பழைய ஸ்ட்ர்லென் ஒரு வரியும் மாறாமல் தமிழையும் அளக்கிறது. ஆனால் அது தருவது பைட் கணக்கு. 30 பைட் இடம் வைத்தால் அதில் தமிழுக்குப் பத்து யுனிகோடு இடம்தான் கிடைக்கும், முடிவுப் பூஜ்ஜியத்துக்கு அதிலும் இடம் விட வேண்டும். விண்ணப்பப் படிவத்திலும் ரசீதிலும் தமிழ்ப் பெயர் நடுவில் அறுந்து கடைசி எழுத்து கட்டமாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். எழுத்து எத்தனை என்று வேண்டுமானால் 128 முதல் 191 வரையுள்ள தொடர்ச்சி பைட்களை விட்டுவிட்டு எண்ணி, அதிலிருந்து உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் கழியுங்கள். ஸ்ட்ர்லென்னுக்குச் சொன்ன பதினாறு பைட் வித்தை இதற்கும் பொருந்தும்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மஸ்ல் என்ற சிறிய சி நூலகத்தின் ஸ்ட்ர்லென் கோப்பைத் தேடித் திறந்து படியுங்கள். மிகச் சில வரிகள்தான். இன்று நான் சொன்ன கழித்தல், தலைகீழ், அண்டு மூன்றும் அதில் இருக்கின்றன. ஒவ்வொரு வரியையும் தாளில் எழுதி, மதுரை என்ற சரத்தைக் கொடுத்துக் கையால் ஓட்டிப் பாருங்கள். பிறகு நீங்கள் எழுதும் ஒவ்வொரு ஃபங்ஷனிலும், சரத்தின் முகவரி வாங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அதன் நீளத்தையும் கேட்டு வாங்குங்கள்.